அழைப்பிதழில் எழுத்து சாய்ந்து வந்த கதை

பறவைகள் மனிதரோடு பேசித் திரிந்த அந்தக் காலத்தில், எழுத்து என்றாலே எல்லோருக்கும் கிலி. அரண்மனை எழுத்தர் ஒருவர்தான் எழுதலாம். அவர் எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் காவலாளி போல விறைப்பாக, தனித்தனியாக நிற்கும். ஓலை வந்தால் அதில் இருப்பது ஒன்று வரி, இல்லையென்றால் தண்டனை.

அரண்மனையில் ஓலை நறுக்கும் வேலை பூவாயிக்கு. பார்த்துப் பார்த்தே அவள் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். அவளுடைய அண்ணன் நல்லாண்டி, அரசனின் காட்டில் ஒரு வேங்கை மரத்தை வெட்டிவிட்டு, பயந்துபோய் மலையேறியவன். அரசன் அதை எப்போதோ மன்னித்துவிட்டான். அது அண்ணனுக்குத் தெரியாது.

பூவாயியின் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? அவள் எழுத்தரிடம் கெஞ்சி ஓர் ஓலை எழுதி வாங்கினாள். அவளோடு பழகிய பனங்காடை ஒன்று அதைக் கவ்விக்கொண்டு பறந்தது. மறுநாளே ஓலையோடு திரும்பி வந்தது.

"உன் அண்ணன் படிக்கவே இல்லை. எழுத்தைப் பார்த்ததும் அடுத்த மலைக்கு ஓடிவிட்டான்" என்றது.

"நீ வாயால் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'என்னை ஏமாற்றிப் பிடிக்க வந்த அரண்மனைப் பறவை நீ' என்று சொல்லிக் கல்லை எடுத்தான்."

காது குத்த இன்னும் இரண்டே நாள். பூவாயி பிள்ளையின் பழைய துணி ஒன்றை விரித்தாள். வேப்பங்குச்சியின் நுனியை மென்று மருதாணிக் குழம்பில் தோய்த்தாள்.

"வேண்டாம் பூவாயி, கையை வெட்டிவிடுவார்கள்" என்றது பனங்காடை.

"வெட்டட்டும். அதற்குள் எழுதிவிடுகிறேன்."

மடியில் குழந்தை சிணுங்கியது. ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே, குச்சியைத் துணியிலிருந்து எடுக்காமல் வேகவேகமாக எழுதினாள். எழுத்துகள் சாய்ந்தன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடின. 'அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தப் போறோம். பயப்படாம வா' என்று எழுதி, அந்த 'வா'வைத் துணியின் ஓரம் வரை இழுத்துவிட்டாள்.

பனங்காடை கொண்டுபோய்ப் போட்ட அந்தத் துணியை நல்லாண்டி பார்த்தான். ஓடவில்லை. "இது பூவாயிதான்! அவள் இப்படித்தான் 'வா'வென்று இழுத்துக் கூப்பிடுவாள்" என்று அழுதுகொண்டே மலையிறங்கினான். பிள்ளைக்கு அவன் மடியிலேயே காது குத்தினார்கள்.

சேதி அரசனுக்குப் போனது. பூவாயியை வரவழைத்து, துணியை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படிக்கப் படிக்க யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கிறதே!" என்றான்.

எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. "அரசே, வரி ஓலையை இப்படி எழுதினால் யார் மதிப்பார்கள்?"

பூவாயி சிரித்துவிட்டாள். "ஐயா சொல்வது சரிதான் அரசே. விருந்து என்று நினைத்து இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்."

அரசனும் சிரித்தான். "அப்படியானால் ஆணையை அவர் எழுதட்டும். ஆசையாகக் கூப்பிடுவதை நீ எழுது" என்றான். எழுத்தரே தம் பேத்தியின் கல்யாணத்துக்கு அவளிடம்தான் எழுதி வாங்கினார்.

அதற்குப் பிறகுதான், நோட்டீசில் எழுத்து நிமிர்ந்து நின்றாலும், கல்யாணப் பத்திரிகையிலும் பிறந்தநாள் வாழ்த்திலும் மிட்டாய்ப் பெட்டியின் மேலும் அது சாய்ந்து, வளைந்து, கைகோத்துக்கொண்டு நம்மை வாவென்று கூப்பிடுகிறது.