ஒன்பதாம் தடம்

"என் பெயர் எங்கே, ஐயா?"

கேட்டவள் அங்கயற்கண்ணி. வயது நாற்பத்தெட்டு. சுவரில் சாத்தியிருந்த பெயர்ப்பலகையைப் பதிப்பதற்குச் சாந்து குழைத்து வந்தவள், அதிலிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டு நின்றுவிட்டாள். கிண்ணம் கையில் இருந்தது. அரை நாழிகையில் இறுகிவிடும் சாந்து அது.

ஆசான் குலசேகரர் பலகையைப் பார்த்தார். அதில் 'தடங்களைக் கண்டவர்' என்பதன் கீழே தம் பெயரைப் பார்த்தார்.

"எழுத்து நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

மலையடிவாரத்தில் இருந்தது அவருடைய கற்கூடம். மண்ணில் முதல் பூ பூப்பதற்கும் முன்னே வாழ்ந்த ஊர்வனவற்றின் காலடிகளைக் கல்லில் படிக்கக் கற்பிக்கும் இடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தடத்தைக் கண்டவர் அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு இடுவார். அந்தக் கோடு இருக்கும்வரை தடம் அவருடையது.

முற்றத்தில் கிடந்த கற்பாளத்தில் இருபத்து மூன்று தடங்கள். இருபத்து மூன்றைச் சுற்றியும் அங்கயற்கண்ணியின் கோடு.

"இந்த விலங்கு வயிற்றைத் தரையில் தேய்க்காமல், கால்களை ஊன்றி, உடலைத் தூக்கி நடந்திருக்கிறது, வால் இழுபட்ட கோடுகூட இல்லை. இதை நான் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள், ஐயா?"

"நினைவில்லை."

"'ஊர்வன என்று பெயர் வைத்துக்கொண்டு நடக்குமா? கண்ணைக் கழுவிக்கொண்டு வா' என்றீர்கள். எல்லாருக்கும் முன்னால் சொன்னீர்கள்."

உளியைத் துடைத்துக்கொண்டிருந்த மருதவாணன் சிரித்தான். பலகையில் எழுத்து வெட்டியவன் அவன்தான்.

"கழுவிக்கொண்டு வந்தீர்கள் அல்லவா, அக்கா? அதனால்தானே தெரிந்தது. எல்லாம் ஐயா சொல்லிக் கொடுத்ததுதான்."

ஆசான் எழுந்தார். குடத்தை எடுத்துப் பாளத்தின் மேல் நீரைச் சாய்த்தார். தடங்களில் நீர் தேங்கியது. சாய்ந்து விழுந்த காலை வெயிலில் ஒவ்வொரு விரலும் கருத்து எழுந்தது.

சுண்ணக் கோடுகள் கரைந்து ஓடின.

"இந்த விலங்கின் பெயர் என்ன?" என்று கேட்டார் ஆசான்.

"தெரியாது. எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தடத்துக்குத்தான் பெயர் வைத்திருக்கிறோம்."

"நடந்த விலங்குக்கே பெயர் இல்லை. கண்டவளுக்குப் பெயர் எதற்கு?"

"ஆகா!" என்றான் மருதவாணன்.

"அப்படியானால் உங்கள் பெயரும் வேண்டாமே, ஐயா."

"நாளை வெளியூர் அறிஞர்கள் பார்க்க வருகிறார்கள். வெறும் பலகையையா பார்ப்பார்கள்?"

அங்கயற்கண்ணி கீழே பார்த்தாள். வழிந்த நீர் வெள்ளையாக அவள் காலடிக்கு வந்திருந்தது. இந்தப் பாளம் கிடைத்த ஓடையில் பதினொரு ஆண்டு கல் புரட்டி நடந்த கால்கள்.

"பெயரை விடுங்கள், ஐயா. ஒன்பதாம் தடத்தை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். நீங்கள் படித்துக் கேட்டு நாளாகிவிட்டது."

ஆசானுக்கு முகம் மலர்ந்தது. குனிந்தார். பாடம் சொல்லும் குரல் தானே வந்தது.

"பார்த்தால் ஒரே பாதம் போலத் தோன்றும். ஒன்றல்ல, இரண்டு. இது பின்கால். பெரியது, ஆழமாகப் பதிந்தது. இதற்கு அடியில் ஒரு முன்கால் இருந்திருக்கிறது."

"அது எங்கே?"

"பின்கால் அதன் மேலேயே ஊன்றிவிட்டது. சேறு நசுங்கிப் போயிற்று."

"எது முதலில் வந்தது?"

"சந்தேகம் என்ன? முன்கால்தான்."

"நாளை வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும், ஐயா?"

"இதோ, பின்காலின் ஓரத்தில் பார். இரண்டு விரல்நுனிகள் மட்டும் எஞ்சி…"

ஆசானின் விரல் அந்த இரண்டு நுனிகளின் மேல் நின்றது.

பாளத்தில் நீர் வற்றத் தொடங்கியது.

மருதவாணன் உளியை எடுத்தான். "ஐயா, பலகையில் ஏதாவது சேர்க்க வேண்டுமா? கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது."

ஆசான் நிமிரவில்லை.

"பலகை அப்படியே இருக்கட்டும்" என்றார். "இந்த இரண்டு நுனிகளையும் சாந்து பூசி மூடிவிடு."

மருதவாணன் சாந்துக்காகக் கையை நீட்டினான்.

அங்கயற்கண்ணி கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சாந்து இறுகும்வரை அப்படியே நின்றாள்.