பெருக்கி வைத்த இடம்

தணிகாசலம் கூடையைக் கவிழ்த்துவிட்டான். கசடு மொத்தமும் சரிவிலேயே கொட்டியது.

"இங்க மட்டும் போட மாட்டேன் தாயே. என்னை மடத்தை விட்டே அனுப்புனாலும் சரி."

மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மலை மாதிரி நின்றதே தவிர அவர்கள் ஏறியிருந்த மேடு மலை இல்லை. சுரங்கத்தில் தோண்டி எடுத்த வேண்டாத மண். அதை ஒரு ஊரின் மேல் கொட்டினார்கள். தோண்ட ஒன்றும் இல்லை என்று ஆனதும் சுரங்கக்காரர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்த மண்ணில் எருக்குகூட முளைக்காது. மழை பெய்தால் கரைந்து ஓடும்.

அதைப் பச்சையாக்கும் வேலையை அடிவாரத்து மடம் ஏற்றுக்கொண்டது. மடத்தின் குரு சாத்தாயி. தணிகாசலத்தைவிட வயதில் சின்னவள். அவள் அவனை அண்ணே என்பாள், அவன் அவளைத் தாயே என்பான். நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்குகிற கசடைப் பக்குவப்படுத்திக் காயவைத்து லாரியில் அனுப்புவார்கள். சீடர்கள் அதைச் சுமந்து போய் மேட்டு மண்ணோடு கலந்து புல் விதை தூவுவார்கள். பெரிதாக நாற்றம் இல்லை. ஆனால் அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு டவுனே கக்கூஸ் போனதை நம்ம தலையில கட்டிட்டாங்க என்று சீடர்களில் ஒருத்தியான பவளக்கொடி சிரித்துக்கொண்டே சுமப்பாள். தணிகாசலமும் சிரிப்பான். எல்லோரையும்விட அதிகம் சுமந்தவன் அவன்தான்.

ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டான். வடக்குச் சரிவில், ஒரு பாய் விரிக்கிற அளவு. பழைய தண்ணீர்த் தொட்டியையும் தூரத்துக் கோபுரத்தையும் வைத்து அவனே குறி பார்த்துக் கண்டுபிடித்த இடம். அதற்கு நேர் கீழே, அத்தனை மண்ணுக்கும் அடியில், அவன் ஊர் இடுகாடு. அவன் மகள் கனகுவை அங்கேதான் புதைத்திருந்தான். மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். ஊரைக் காலி செய்யச் சொன்னபோது ஆடு மாட்டை ஓட்டிப் போக முடிந்தது. அவளை எப்படிக் கொண்டு போவது?

அந்த இடத்தைத் தினமும் பெருக்கினான். அமாவாசைக்குப் பால் ஊற்றினான். போன மழைக்குச் சுற்றிலும் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. அங்கே மட்டும் மொட்டை. தண்ணீர் அந்த மொட்டையைத்தான் பிடித்து அறுத்தது. இப்போது ஒரு ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் அதன் ஓரம்வரை வந்து நின்றது. புல் பிடிக்காவிட்டால் இந்த மழைக்காலத்துக்குள் அந்த இடமே இருக்காது. அது அவனுக்கும் தெரியும்.

நானே போட்டுடறேன் என்றாள் பவளக்கொடி. அந்த இடத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள் சாத்தாயி. குனிந்து, கொட்டிய கசடை இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கனகு பொறந்தப்ப அண்ணிக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னீங்களே. பிள்ளையை யாருண்ணே கழுவி விட்டது?"

"நான்தான்."

"அருவருப்பா இருந்துச்சா?"

"அதெப்படி இருக்கும்? சோறு திங்கறப்பவே மடியில போயிருவா. போயிட்டு என்னைப் பாத்துச் சிரிப்பா."

சொல்லி முடித்ததும் அவனுக்குக் கோபம் வந்தது.

"அது எம்புள்ள தாயே. இது எவன் எவனோ போனது."

சாத்தாயி கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அவங்களையும் யாரோ மடியில வச்சுக் கழுவுனவங்கதான் இருப்பாங்க. போடுங்கண்ணே. மழை வந்துருச்சு."

தணிகாசலம் தோளில் கிடந்த துண்டை உதறி, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி அந்த மொட்டை இடத்தின் மேல் விரித்தான். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தான். கூடையைத் தொடவில்லை.