மஞ்சம்புல்லின் வேர் மண்ணை விடாத கதை

புல்லும் பறவையும் மனிதரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்பாறைக் கரடு என்று ஒரு மொட்டைக் குன்று இருந்தது. பாறையும் சரளையுமாகக் கிடந்த அந்தக் கரட்டில் ஒரே ஒரு கள்ளியைத் தவிர பச்சையாக எதுவும் கிடையாது. புல் கூட்டமெல்லாம் கீழே ஓடைக்கரையில் குடியிருந்தது. அங்கே தண்ணீர் தாராளமாக இருந்தது. இடம்தான் போதவில்லை.

ஒருநாள் ஓடைக்கரையில் இரை பொறுக்கிய கௌதாரி ஒன்றின் காலில் மஞ்சம்புல்லின் விதை ஒட்டிக்கொண்டது. கௌதாரி அதைக் கவனிக்காமல் கரட்டின் மேலே ஏறி, காலை உதறியது. விதை ஒரு பாறை இடுக்கில் விழுந்தது. அன்று மாலையே தூறல் போட்டதால் முளைக்கவும் முளைத்துவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த கௌதாரிக்குத் திக்கென்றது.

"அம்மணி, தெரியாம உன்னை இங்க கொண்டாந்து போட்டுட்டேன். இது பொழைக்கிற எடமில்லையே" என்றது.

"போட்டது போட்டாச்சு. எந்திரிச்சு நடந்தா போக முடியும்? இருந்து பார்க்கிறேன்" என்றது மஞ்சம்புல்.

இருந்து பார்ப்பது அத்தனை சுலபமாக இல்லை. புல்லின் வேர் நாலு விரல் ஆழம் போனதும் பாறையில் முட்டியது. பக்கவாட்டில் போனால் அங்கேயும் பாறை. பாறையின் அடியில் எங்கோ ஈரம் இருப்பது அதற்குத் தெரிந்தது. ஆனால் அங்கே போகும் விரிசல் மயிரிழை அகலம்கூட இல்லை. வெயில் ஏற ஏற இலை நுனி பழுத்துச் சுருண்டது.

அதே சரளைக்குள் இன்னொருவரும் பசியோடு கிடந்தார். அது பூஞ்சை. சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை உடம்பு அதற்கு. எப்போதோ விழுந்த ஒரு வேலமரத்தைத் தின்ன வந்தது. மரம் தீர்ந்துபோய் வெகுநாள் ஆகிவிட்டது. அதற்கு இலை கிடையாது. இலை இல்லாதவர்கள் வெயிலில் சாப்பாடு சமைத்துக்கொள்ள முடியாது. கள்ளியிடம் போய்க் கேட்டது. "செத்ததைத் தின்கிற பயல் நீ. உன்னை உள்ளே விட்டால் நான் செத்துப்போவேன்" என்று கள்ளி விரட்டிவிட்டது.

பூஞ்சை தயங்கித் தயங்கிப் புல்லின் வேர் ஓரமாக வந்து நின்றது.

"அக்கா, உங்களுக்குத் தண்ணி வேணும். எனக்குச் சோறு வேணும். அந்த விரிசல்ல உங்க வேர் போகாது, நான் போவேன். போற வழியில பாறையைக் கரைச்சு உப்பும் எடுத்தாருவேன். ஆனா அவ்வளவு தூரம் போகத் தெம்பில்ல. கொஞ்சம் இனிப்புக் கொடுத்தீங்கன்னா போயிட்டு வருவேன்."

"இலையில சமைச்ச இனிப்பெல்லாம் வேருக்குள்ள இருக்குதே தம்பி. எப்படிக் கொடுக்கிறது?"

"வேரைத் திறந்தா நானே உள்ள வந்து சாப்பிட்டுக்குவேன்."

மேலே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த கௌதாரி இறக்கையை அடித்துக்கொண்டது. "வேண்டாம் அம்மணி. அந்த வேலமரம் எங்க போச்சுன்னு இவனையே கேளு."

"மரம் செத்து விழுந்த பிறகுதான் வந்தேன். உசுரோட இருக்கிறவங்களை நான் தொட்டதே இல்லை" என்றது பூஞ்சை. அதன் குரல் அழுவது போல இருந்தது.

புல் யோசித்தது. அதனிடம் மூன்று இலை இருந்தது. அதில் இருந்த இனிப்பு மூன்று நாளைக்கு வரும். யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் நான்காம் நாள் சாவது உறுதி. கொடுத்தால் இன்றைக்கே செத்தாலும் சாகலாம், பிழைத்தாலும் பிழைக்கலாம். அது கண்ணை மூடிக்கொண்டு வேரைத் திறந்துவிட்டது.

பூஞ்சை உள்ளே வந்தது. ஒரு இலையின் இனிப்பை மட்டும் சாப்பிட்டது. பிறகு விரிசலுக்குள் இறங்கிப் போய்விட்டது.

அன்று முழுக்க அதைக் காணோம். மறுநாளும் காணோம். கௌதாரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னேனில்ல" என்று ஆரம்பித்தது. புல்லின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தன் நிழலை அதன்மேல் விழவைத்தது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் புல்லின் வேருக்குள் சில்லென்று ஏதோ ஏறியது. தண்ணீர். அதில் பாறையின் உப்பும் கலந்திருந்தது.

"எட்டு முழ ஆழம் அக்கா" என்றது பூஞ்சை மூச்சு வாங்கிக்கொண்டே. "அதான் தாமதமாயிருச்சு."

அதற்குப்பிறகு மஞ்சம்புல் வளர்ந்த வேகம் ஓடைக்கரைப் புல்லுக்குக்கூட வராது. இடுப்பு உயரம் வந்தது, பூத்தது, விதைத்தது. முளைத்த ஒவ்வொரு குஞ்சுப் புல்லின் வேரிலும் பூஞ்சை ஒரு நூலைக் கோத்தது. நாலு மழைக்காலத்தில் கரட்டின் கிழக்குச் சரிவு முழுக்கப் பச்சை. கௌதாரி அங்கேயே முட்டையிட்டு, குஞ்சுகளிடம் இந்தப் புல்லை வளர்த்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் வருஷம் மழை இல்லை. ஓடை வறண்டது. கரையில் இருந்த புல்லெல்லாம் கருகிவிட்டது. அடிவாரத்தில் நாச்சாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இருந்தது ஒரு செவலைப் பசு. அது அந்தச் சமயம் பார்த்துக் கன்று போட்டிருந்தது. பசுவுக்குத் தீனி இல்லாததால் மடியில் பால் இல்லை. கன்றுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. கரட்டின் மேலே பச்சை தெரிவதைப் பார்த்த நாச்சாத்தாள், கயிற்றையும் அரிவாளையும் சுரைக்குடுவையில் குடிக்கத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

எல்லாவற்றிலும் பெரிதாக நின்ற மஞ்சம்புல்லை அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். புல் வேரோடு வந்துவிட்டது. வேரில் மண் கட்டியாக ஒட்டியிருந்தது. உதறினாள். விழவில்லை. பாறையில் அடித்தாள்.

"ஆத்தா, மெதுவா. உள்ள ஆளிருக்கு" என்று ஒரு குரல் வந்தது.

"யாரது? புல்லா?"

"புல்லில்ல. புல்லுக்குள்ள குடியிருக்கிற பூஞ்சை."

"அப்ப மண்ணை விடு சாமி. மாடு மண்ணைத் தின்னா வயிறு ஊதிக்கும்."

"விட மாட்டேன். இந்த மண்ணு போனா அக்கா செத்துருவா. எனக்கு வேற யாரும் இல்லை."

நாச்சாத்தாளுக்குக் கோபம் வந்தது. "எனக்கு மட்டும் யாரு இருக்கா? கீழே கன்னுக்குட்டி செத்துட்டிருக்குது."

பூஞ்சை பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. அப்போது மஞ்சம்புல் பேசியது.

"ஆத்தா, தழையெல்லாம் எடுத்துக்க. அது உன் கன்னுக்குத்தான். அடியை மட்டும் எடுத்த குழியிலயே வெச்சுட்டுப் போ. பத்து நாள் கழிச்சு வா, மறுபடியும் தழைஞ்சிருப்பேன்."

"இந்தப் பாறையிலயா? பத்து நாள்லயா?"

"இவன் கூட இருந்தா தழைவேன்."

நாச்சாத்தாள் கையிலிருந்த மண்கட்டியை உற்றுப் பார்த்தாள். வெள்ளை நூல் ஒவ்வொரு மண்துகளையும் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். அரிவாளை எடுத்து வேருக்கு ஒரு சாண் மேலே தழையை மட்டும் அறுத்தாள். அடியைக் குழியில் வைத்து, குதிகாலால் மிதித்து அழுத்தினாள். குடுவையில் தனக்கென்று வைத்திருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். மற்ற புல்லையும் அப்படியே அறுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாளே பசுவின் மடி கனத்தது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. பத்தாம் நாள் அவள் கரட்டில் ஏறினபோது மஞ்சம்புல் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

"வா ஆத்தா. கன்னு எப்படி இருக்குது?" என்றது.

"துள்ளுது" என்றாள் நாச்சாத்தாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மழை வரும்வரை அந்தச் சரிவுதான் அவள் பசுவைக் காப்பாற்றியது. அவளைப் பார்த்து ஊராரும் காட்டுப் புல்லைப் பிடுங்காமல் அரிவாளால் அறுக்கப் பழகிக்கொண்டார்கள்.

பூஞ்சை மட்டும் அந்த இழுப்பில் பயந்த பயத்தை மறக்கவே இல்லை. தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. காட்டுப் புல்லை இன்றைக்கு யார் பிடுங்கினாலும் வேரோடு கைப்பிடி மண்ணும் சேர்ந்து வருவதும், எத்தனை உதறினாலும் அது உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பதும், அன்றிலிருந்துதான்.