பாதியில் எழுந்த ஜெபம்

எபனேசர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசிப்பார், முழங்கால் போடுவார். முப்பது வருஷமாக ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, கண்ணை மூடினால் வார்த்தை வராமல் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஞானப்பூவின் வீட்டுக்குப் போனார். அவள் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். அவருடைய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஊரில் யாருக்கு மனசு கனத்தாலும் அவளைத்தான் தேடிப் போவார்கள்.

“சார், நீங்களா!” என்று பதறிப்போய்ப் பாயை உதறி விரித்தாள்.

“படிக்க வந்திருக்கேன், ஞானப்பூ. நீ நாள் பூரா ஆண்டவர்கிட்டயே இருக்கேன்னு சொல்றாங்க. எனக்கு அரை மணி நேரம் முடியல. கண்ணை மூடினா ஒருத்தர் முகம் வந்து நிக்குது. அதை விரட்ட ஒரு வழி சொல்லு.”

“யார் முகம் சார்?”

“அதெல்லாம் எதுக்கு?”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. “சரி சார், ஜெபம் பண்ணுவோம்” என்று முழங்கால் போட்டாள்.

நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். சட்டென்று நிறுத்தினாள். எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள். எபனேசருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் பின்னாலேயே போனார்.

அடுத்த தெருவில், கூட வேலை செய்கிற முத்துக்கனியின் வீட்டு வாசலில் போய் நின்றாள் ஞானப்பூ.

“உப்பு வாருற பலகையை நீதான் எடுத்து ஒளிச்சேன்னு காலையில சத்தம் போட்டேனே, அது என் பாத்தியிலேயே கிடந்துச்சு. மத்தியானமே பாத்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிரு முத்துக்கனி.”

முத்துக்கனி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “பத்துப் பேர் முன்னால திருடின்னு சொன்ன. அவங்க யாரும் இல்லாதப்ப வந்து மன்னிப்புக் கேக்குற.”

“நாளைக்கு அந்தப் பத்துப் பேர் முன்னாலயும் சொல்றேன்.”

 திரும்பி வருகிற வழியில் எபனேசர் கேட்டார்.

“அதுக்காக ஜெபத்தைப் பாதியில விடலாமா?”

“விடல சார். ஆண்டவர் எந்திரிச்சு முத்துக்கனி வீட்டுக்குப் போனார். நான் பின்னால போனேன். வேற என்ன செய்ய?”

எபனேசர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“நம்ம ஸ்கூல் வாட்ச்மேன் அருமைநாயகம்... மைக்ரோஸ்கோப்பைத் திருடிட்டார்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் வேலை போச்சு. எட்டு மாசம் கழிச்சு அது பீரோவுக்குப் பின்னால கிடந்துச்சு. துடைச்சு உள்ள வச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பதினோரு வருஷமாச்சு. கோயில்ல இன்னும் கடைசி வரிசையிலதான் உட்காருறார்.”

ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள்.

“வெளியில சொன்னா என் பேர் என்ன ஆகும்?”

“கெட்டுத்தான் போகும் சார்” என்றாள் மெதுவாக. “சொல்லும்போது நான் பக்கத்துல நிக்கட்டுமா?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம், குருவானவரிடம் அனுமதி கேட்டு எபனேசர் எழுந்து முன்னால் போனார். ஞானப்பூ ஓரமாக வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தையே அடக்கி வைத்திருந்த அந்தக் குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. “அருமைநாயகம் திருடவில்லை. அது தெரிந்தும் வாய் திறக்காதவன் நான்” என்று சொல்லி முடித்தார்.

 கடைசி வரிசையில் அருமைநாயகம் எழுந்தார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். அவர் எபனேசரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து எபனேசர் ஞானப்பூவைப் பார்க்க வந்தார். முகம் வாடியிருந்தது.

“அருமைநாயகம் வீட்டுக்கும் போனேன். கதவைத் திறக்கல. காலையில முழங்கால் போட்டேன். ஆண்டவரும் ஒண்ணும் பேசல. எல்லாத்தையும் சொல்லிட்டேனே, ஞானப்பூ. இன்னும் என்ன செய்யணும்?”

ஞானப்பூ அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். 

“அருமைநாயகம் பதினோரு வருஷம் காத்திருந்தார் சார்” என்றாள். “நீங்க ரெண்டு நாள்தானே காத்திருக்கீங்க. இருங்க, நானும் கூட உட்காருறேன்.”