பட்ட மரத்துக் கூடு

ஓர் ஏரிக்குள் இரண்டு பெரிய மரங்கள் நின்றன. மேற்கே இருந்த கருவேல மரத்தில் கொக்குகள் குடியிருந்தன. கிழக்கே இருந்த நீர்மருது மரத்தில் நீர்க்காகங்கள் குடியிருந்தன. ஒரே தண்ணீர்தான், ஒரே மீன்தான். ஆனால் இரண்டு மரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நின்னு நிதானமாப் பிடிக்கத் தெரியாம, முங்கி முங்கித் திருடுதுங்க!" என்று கொக்குகள் சொல்லும்.

"ஒத்தைக் கால்ல நின்னு சாமியார் வேஷம் போடுதுங்க!" என்று நீர்க்காகங்கள் சொல்லும்.

அந்த ஏரியில் தும்பையன் என்று ஓர் இளங்கொக்கு இருந்தான். மையாள் என்று ஒரு நீர்க்காகப் பெண் இருந்தாள். அவள் ஆழத்தில் முங்கினால் மீன்கள் மிரண்டு கரையோரம் ஓடிவரும். அங்கே நிற்கிற தும்பையனுக்கு நல்ல வேட்டை. ஒருநாள் அவன் ஒரு மீனைத் தூக்கி அவள் பக்கம் போட்டான்.

"இது எதுக்கு?" என்றாள் மையாள்.

"நீ துரத்தினதுதானே? உன் பங்கு!"

"கொக்கு பங்கு கொடுத்துச்சுன்னு எங்க மரத்துல சொன்னா சிரிப்பாங்க!"

"எங்க மரத்துல சொன்னா என்னைக் கொத்துவாங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தபோது கல்யாணம் பண்ணிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

கொக்குத் தலைவர் நெடுங்கழுத்தார் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தினார். "பொறக்கிற பிள்ளை நிக்குமா, முங்குமா? அது என்ன நிறத்துல இருக்கும்? யோசிச்சியாடா?"

நீர்க்காகத் தலைவர் முக்குளியார் சிறகை உதறினார். "அந்த வெள்ளையனோட போனவ இந்த மரத்துல கால் வைக்கக் கூடாது!"

எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு தலைவர்களும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இந்த ஜோடிக்கு எந்த மரத்திலும் இடமில்லை. யாரும் கூடு கட்டச் சுள்ளி கொடுக்கக் கூடாது. யாரும் சிறகு கொடுக்கவும் கூடாது.

சிறகு கொடுப்பது அந்த ஏரியின் வழக்கம். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு உடம்பில் தூவல் இருக்காது. உச்சி வெயில் பட்டால் வாடிவிடும். அதனால் தாயும் தகப்பனும் இரை தேடப் போனால், பக்கத்துக் கூட்டுப் பறவை சிறகை விரித்து நிழல் கொடுக்கும். கேட்கக்கூட வேண்டாம். அது பாட்டுக்கு நடக்கும்.

இரண்டு மரங்களுக்கும் நடுவே ஒரு பட்ட மரம் நின்றது. அதில் ஓர் இலை கிடையாது. தும்பையனும் மையாளும் அதில்தான் கூடு கட்டினார்கள். ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. அது கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. மழைக்கு முன்னால் வருகிற மேகத்தின் நிறம். முகில் என்று பெயர் வைத்தார்கள்.

"அய்யே, சாம்பல்ல புரண்ட மாதிரி இருக்கு!" என்று கருவேல மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எரிஞ்ச கொள்ளிக்கட்டை!" என்று நீர்மருது மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மையாள் காது கொடுக்கவில்லை. அவள் போனால் அவன் நிழல் கொடுப்பான். அவன் போனால் அவள் கொடுப்பாள். பாதி வயிறுதான் நிறைந்தது. தூவல் இன்னும் முளைக்கவில்லை என்றாலும் பிள்ளை வளர்ந்தது.

கோடை வந்தது. ஏரி சுருங்கியது. ஒருநாள் தூரத்து மடுவுக்குப் போன தும்பையன் திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அப்போது ஒரு மீன்கொத்தி மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"மையாளு! உன் புருஷன் கால் நைலான் வலையில சிக்கிக்கிச்சு! உன் கொக்கி மூக்கு இருந்தாத்தான் அறுக்க முடியும்! சீக்கிரம் வா, வலைக்காரன் வந்துருவான்!"

மையாள் சிறகுக்குக் கீழே இருந்த முகிலைப் பார்த்தாள். பிறகு நீர்மருது மரத்தைப் பார்த்துக் கூவினாள்.

"மாமா! இந்த ஒரு மத்தியானம் மட்டும் சிறகு கொடுங்க!"

முக்குளியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்குக் கொக்குக்கால் இருக்கே! அந்த மரத்துல கேளு!"

அவள் கருவேல மரத்தின் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குக் கொக்கி மூக்கு இருக்கே! உங்க ஆளுங்ககிட்டயே கேளு!" என்றார் நெடுங்கழுத்தார்.

கருவேல மரத்தின் கடைசிக் கிளையில் தும்பையனின் அக்கா வெள்ளையம்மா கூடு கட்டியிருந்தாள். பட்ட மரத்துக்கு மிக அருகில் இருந்த கூடு அதுதான்.

"அண்ணி! உங்க தம்பி உயிரு அங்க இருக்கு. தம்பி பிள்ளை இங்க இருக்கு. நான் எங்கன்னு இருப்பேன்?"

வெள்ளையம்மா எழுந்தாள். அவள் சிறகு விரிந்தது. அதைப் பார்த்துவிட்ட நிம்மதியில் மையாள் பறந்துவிட்டாள்.

வலையை அறுப்பது சுலபமாக இல்லை. ஒவ்வொரு இழையாகக் கடித்து அறுத்தாள். தும்பையன் வெளியே வந்தபோது ஒரு கால் முறிந்திருந்தது. பறந்தும் விழுந்தும் இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கருவேல மரத்தின் நிழல் தானாகவே நீண்டு வந்து கூட்டின் மேல் விழுந்து கிடந்தது. கூட்டுக்குள் முகில் அசையவில்லை.

இரண்டு மரங்களிலும் அத்தனை சிறகுகள் இருந்தன. எல்லாம் மடங்கியே இருந்தன.

தும்பையன் அடுத்த மழையைப் பார்க்கவில்லை. மையாள் மட்டும் பட்ட மரத்திலேயே இருந்தாள். எங்கே போவாள்?

வருஷங்கள் போயின. ஒரு புயலில் கருவேல மரம் வேரோடு சாய்ந்தது. போக்கிடம் இல்லாத கொக்குகள் தலையைக் குனிந்துகொண்டு நீர்மருது மரத்துக்கு வந்தன. முதலில் முறைத்துக்கொண்டார்கள். அப்புறம் குளிர் வந்தது, நெருங்கி உட்கார்ந்தார்கள். குஞ்சுகள் ஒன்றாக விளையாடின. விளையாடிய குஞ்சுகள் வளர்ந்து ஒன்றை ஒன்று விரும்பின. முதல் ஜோடிக்கு முணுமுணுப்பு இருந்தது. அடுத்த ஜோடிக்கு அதுவும் குறைந்தது. பிறகு சாம்பல் நிறக் குஞ்சுகளைப் பார்த்து, "என்ன அழகு, மேகம் மாதிரியே இருக்கு!" என்று கொஞ்ச ஆரம்பித்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளையம்மாவின் பேரனுக்கும் முக்குளியாரின் பேத்திக்கும் கல்யாணம் நடந்தது. "நம்ம ஏரியில இதை ஆரம்பிச்சு வெச்சவங்க மையாள் பாட்டிதானே? அவங்க வந்து வாழ்த்தணும்!" என்றாள் கல்யாணப் பெண். இளவட்டங்கள் போய்க் கையோடு அழைத்துவந்தார்கள்.

மையாளுக்கு நடுக்கிளையில் இடம் போட்டார்கள். ஆளுக்கு ஆள் வந்து பேசினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், அவங்க இஷ்டம்னு!" என்றது ஒரு கிழட்டுக் கொக்கு.

"நாங்கெல்லாம் உங்க பக்கம்தான் மையாளு!" என்றது ஒரு நீர்க்காகம்.

கிழவராகிவிட்ட நெடுங்கழுத்தார் தள்ளாடி வந்தார். "வாய்விட்டுச் சொல்லலையே தவிர, மனசுக்குள்ள வாழ்த்தினவன்தான் நான்!"

முக்குளியாரும் தலையை ஆட்டினார். "ரத்த பாசம் விட்டுப் போகுமா?"

மையாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும் எங்க பக்கம்தான் இருந்தீங்கன்னா, அன்னிக்கு என் பிள்ளைக்கு யார்தான் சிறகு கொடுக்காம இருந்தது?"

நீட்டிய கழுத்துகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"அது வந்து... அந்த வருஷம் வெயில் ரொம்பக் கடுமை," என்றார் நெடுங்கழுத்தார்.

"ஆமா ஆமா, வெயில்தான்!" என்று நாலு பேர் சொன்னார்கள்.

"நல்ல நாள்ல அதெல்லாம் எதுக்கு?" என்றது இன்னொரு குரல்.

மையாள் புறப்படச் சிறகை விரித்தாள்.

"வெயில் இல்லை. நான்தான்!"

எல்லோரும் திரும்பினார்கள். கிளையின் ஓரத்தில் வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். கண் சரியாகத் தெரியாத கிழவி.

"சிறகை விரிச்சேன். பக்கத்துக் கிளையில ஒருத்தி, 'என்னடி, சாம்பலுக்குக் குடை பிடிக்கிறியா?'ன்னு கேட்டா. நாலு பேர் சிரிச்சாங்க. மடக்கிட்டேன். குஞ்சு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு."

"பேரன் கல்யாணத்துல என்ன பேச்சு இது?" என்று யாரோ அதட்டினார்கள்.

"நீ சும்மா இரு!" என்றாள் வெள்ளையம்மா.

மையாள் புறப்படவில்லை. தனக்குப் போட்ட நடுக்கிளையை விட்டு, ஓரக்கிளைக்குப் போய் வெள்ளையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சிட்டியா மையாளு?"

"இல்ல அண்ணி."

"அப்ப ஏன் இங்க வந்து உக்காந்த?"

"எனக்கு ஒரு பிள்ளை இருந்துச்சுன்னு இந்த மரத்துல ஞாபகம் வெச்சிருக்கிறது நீங்க ஒருத்திதான்."

வெள்ளையம்மா மையாளின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "தூங்கறப்போ ஒரு காலைத் தூக்கும். கொக்குப் பிள்ளை மாதிரி நிக்கப் பார்க்கும். அப்புறம் தொப்புனு விழும். நான் என் கூட்டுல இருந்து பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன்."

"எனக்குத் தெரியாதே! நான் அது தலைக்கு மேலயே சிறகை வெச்சுக்கிட்டு நிப்பேன். இன்னும் சொல்லுங்க."

பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து வணங்கினார்கள். "நல்லா இருங்க," என்றாள் மையாள். "பக்கத்துக் கூட்டுல யாரு இருக்காங்கன்னு பார்த்து வெச்சுக்கோங்க." பிறகு அவர்களை மறந்துவிட்டு மறுபடி வெள்ளையம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணச் சத்தத்தில் அந்த இரண்டு கிழவிகள் பேசியது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

மனம் மாறுவது நல்லதுதான், ஆனால் மாறுவதற்கு முன் செய்ததை ஒப்புக்கொள்ளாதவர்களின் வாழ்த்து, இழந்தவர்களுக்கு ஆறுதல் தராது.