ஆளில்லாத அறையின் ஏசி

அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு வயதில் சின்னவர். சீடருக்குத் தலை நரைத்திருந்தது.

குரு, பேராசிரியர் ஹில்டா. சீடர், வைரவன். பள்ளிக்கூடத்தில் பல வருடம் அறிவியல் நடத்திவிட்டு, பிள்ளைகளெல்லாம் வளர்ந்த பிறகு ஹில்டாவிடம் ஆராய்ச்சிக்கு வந்தவர். பட்டம் வாங்கி அதே துறையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் அவர் வாயில் "மேடம்"தான். ஹில்டா அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

துணைவேந்தர் வைரவனை மின்சிக்கனக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். எல்லோரும் நைசாக நழுவிய பதவி அது. வைரவன் மட்டும் அதை உயிராக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஹில்டாவின் அறையில் ஒரே புலம்பல்.

பதிவாளர் அலுவலகத்தில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒரு மாடி இறங்குவதற்கு லிஃப்டாம். மின்சிக்கன வாரத்தின் தொடக்க விழாவுக்கு, சிறப்பு விருந்தினர் வருவதற்கு வெகுநேரம் முன்பே அரங்கத்தை ஜில்லென்று ஆக்கி வைத்தார்களாம். அந்தக் காற்றில் குத்துவிளக்கு எரியவில்லை. ஏசியை நிறுத்தி, விளக்கை ஏற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி ஏசியைப் போட்டார்கள். பேச்சுக்கு நடுவே கரண்ட் போய்விட்டால் அசிங்கம் என்று ஜெனரேட்டர் வேறு பின்னால் உறுமிக்கொண்டே இருந்தது. 'அணைத்துவிட்டுச் செல்லவும்' என்று இவர் அச்சடித்துக் கொடுத்த ஸ்டிக்கரை யாரோ சுவிட்சின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். அணைக்க நினைத்த ஒன்றிரண்டு பேருக்கும் சுவிட்ச் கிடைக்கவில்லை.

ஹில்டா விடைத்தாள் திருத்திக்கொண்டே "ம்" என்பார்.

வைரவன் நடைபாதையில் வரும்போதே உள்ளே குரல் கேட்கும். சுவிட்ச் சாமியார் வர்றார், ஃபேனை நிறுத்து, அந்தப் பக்கம் போனதும் போட்டுக்கலாம். அதுவும் அவர் காதில் விழத்தான் செய்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுமை போய்விட்டது.

"மேடம், இவங்களை எப்படித்தான் திருத்துறது?"

"தெரியல சார்."

"மனுஷங்க இருக்குற அறையில என் பேச்சு எடுபடாது. இனிமே ஆள் இல்லாத அறையா பாத்து அணைக்கப் போறேன். அங்க யாரு என்னை எதிர்த்துப் பேசப் போறா?"

ஹில்டா பேனாவை மூடினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீன் அலுவலகத்திலிருந்து போன். பேசி முடித்து நிமிர்ந்தபோது வைரவன் போயிருந்தார்.

அந்தக் கட்டடத்தில் ஏசி சுவிட்சுகள் அறைக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் இருக்கும். வைரவன் மாடி மாடியாக ஏறினார். கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி இருட்டாக இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஏசியை அணைத்தார். அடுத்த கதவு. இருட்டு. அணைத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த வாரத்தில் முதல்முறையாக அவருக்கு மனது லேசாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஷமீமா ஹில்டாவின் அறைக்கு ஓடி வந்தாள். ஆராய்ச்சி மாணவி. கைக்குழந்தைக்காரி. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள்.

"மேடம், என் ஃப்ரீசர்ல டெம்பரேச்சர் ஏறிக்கிட்டே இருக்கு."

மூன்றாம் மாடிக் கோடியில் துறையின் டீப் ஃப்ரீசர்கள் ஓர் அறையில் வரிசையாக நின்றன. உள்ளே உறையவைக்கும் குளிருக்கு ஈடாக ஒவ்வொன்றும் வெளியே சூட்டைக் கக்கும். அந்தச் சூட்டை இழுப்பதற்குத்தான் அங்கே ஏசி. ஹில்டா கதவைத் திறந்ததும் அடுப்படிபோல முகத்தில் அடித்தது. சனி, ஞாயிறு முழுக்க அந்தப் புழுக்கத்தில் திணறி, ஷமீமாவின் ஃப்ரீசர் நின்றுவிட்டிருந்தது. வந்து பார்த்த டெக்னீஷியன் கம்ப்ரெசர் போச்சு என்று கையை விரித்தார். சாம்பிள்களை உருகாமல் காக்கும் உலர்பனியைக் கொண்டுவரும் வண்டி மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள்.

ஷமீமாவின் ஃப்ரீசரில் இருந்தது தாய்ப்பால். வாழைத்தோட்டங்களில் மருந்தடிக்கும் இடத்தில் கூலிவேலை பார்க்கிற பெண்களிடம் கேட்டு வாங்கியது. அந்த மருந்து பாலில் இறங்குகிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. உருகிவிட்டால் எதற்கும் உதவாது. திரும்பப் போய் வாங்கவும் முடியாது. அந்தப் பிள்ளைகள் இந்நேரம் பால்குடி மறந்திருக்கும்.

மற்ற ஃப்ரீசர்களில் இடம் தேட ஆரம்பித்தார்கள். எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றில் கனடாவுக்குப் போய்விட்ட ஒருவருடைய சாம்பிள். இன்னொன்றில், கல்யாணமாகி ஆராய்ச்சியையே விட்டுப் போனவளுடையது. அடுத்ததில் யாருடையது என்றே தெரியாதது. யாரும் எறிவதில்லை. எறிந்த மறுநாள் யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்ற பயம். நிறைந்தால் புது ஃப்ரீசருக்கு எழுதிப் போடுவார்கள். ஒரு தட்டு முழுக்க ஹில்டாவுடையதே இருந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு முதலில் அதைக் காலி செய்தார். போதவில்லை.

கடைசியில் ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி வைரவனிடம்.

கூப்பிட்டதும் வந்தார். உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார். அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தார், வெளிச்சுவரைப் பார்த்தார். வருடக்கணக்கில் இந்தப் பக்கம் வராததில், இது எந்த அறை என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"மேடம், அந்த ஏசி..."

"போட்டாச்சு. இதைத் திறங்க."

கதவின் ஓரமெல்லாம் பனி இறுகியிருந்தது. அடித்துத் திறக்க வேண்டியிருந்தது. ஹில்டா ஒரு பெட்டியை உருவி, சின்ன சாம்பிள் குழாய் ஒன்றை எடுத்து, பனியைக் கட்டைவிரலால் துடைத்து அவர் முன்னால் நீட்டினார்.

"இது என்ன சார்?"

வைரவன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். மை அழிந்திருந்தது. "எலியோட சீரம்... இல்ல, கல்லீரல்."

"இது?"

"தெரியல மேடம்."

"இது?"

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, இதை வைத்துத்தானே பட்டம் வாங்கினேன் என்றார்.

"பட்டம் வீட்டுச் சுவத்துல தொங்குதுல்ல? அப்புறம் இது எதுக்கு? அந்தப் பொண்ணு நிக்கிறா, பாருங்க."

ஷமீமா இரண்டு கையிலும் பெட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வைரவன் கையுறையை மாட்டிக்கொண்டார். ஆய்வகக் கழிவைப் போடும் மஞ்சள் பையை விரித்தார். தன் பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாக அதில் கொட்டினார்.

காலியான தட்டுகளில் ஷமீமாவின் பெட்டிகள் ஏறின. அவள் எடுத்துக் கொடுக்க, வைரவன் வாங்கி அடுக்கினார். குழாய்களின் மேல் எண் மட்டும்தான் இருந்தது. பெயர்கள் அவள் வாயில் இருந்தன. சந்தனமாரி. பேச்சித்தாய். பேச்சித்தாயின் தங்கச்சி. தானாகச் சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிக்கொண்டே கொடுத்தாள். மேல்தட்டில் இருந்த சில குழாய்கள் இளகிவிட்டிருந்தன. அவற்றைத் தனியே வைத்தாள். அந்தப் பெயர்களையும் சொல்லித்தான் வைத்தாள்.

ஒரு குழாய் வந்தபோது பெயர் வரவில்லை. விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, கல்லாக இருந்தது. உருகவில்லை.

"இந்தப் பாலைக் குடிச்ச புள்ள இப்ப இல்ல சார்," என்றாள். "பால்ல எதுவும் இருந்துச்சான்னு அவங்கம்மா கேட்டாங்க. பாத்துச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

வைரவன் இரண்டு கையாலும் வாங்கி, பெட்டியின் நடுக்குழியில் வைத்தார்.

எல்லாம் முடிந்து கதவைச் சாத்தியபின் அவர் ஷமீமாவிடம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை ஏசியை அணைச்சது நான்தாம்மா."

அவள் கொஞ்சநேரம் அவரையே பார்த்தாள். இளகிப்போன குழாய்கள் அவள் கையில் இருந்தன. குழந்தைக்குப் பசிக்கும் என்று ஹில்டாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று வைரவனுக்குத் தோன்றியது.

பிறகு மற்ற ஃப்ரீசர்களில் இருந்த உரிமையாளர் இல்லாத பெட்டிகளையும் வெளியே எடுத்தார்கள். ஹில்டா அவற்றையும் மஞ்சள் பையில் போட்டார். மிச்சத்தை ஒன்றாகச் சேர்த்து அடுக்கியதும் இன்னொரு ஃப்ரீசர் முழுசாகக் காலியாகிவிட்டது. அதன் பிளக்கைப் பிடுங்கினார். அறையின் இரைச்சல் ஒரு படி இறங்கியது.

கீழே வந்ததும் வைரவன் உட்காரவில்லை.

"மேடம், அந்தப் பதவி எனக்கு வேண்டாம். எழுதிக் குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? இனிமே எந்த அறைப் பக்கமும் போகமாட்டேன். எவன் எதைப் போட்டா எனக்கென்ன."

ஹில்டாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையெல்லாம் பனி பட்டுச் சிவந்திருந்தது.

"சார், இப்பதான் ஒரு பிளக்கைப் பிடுங்கிட்டு வந்திருக்கோம். இன்னும் எத்தனையோ இருக்கு. நீங்க போகலைன்னா வேற யாரு போவா? நாளைக்கும் போங்க. என்ன, கதவைத் தட்டிட்டுப் போங்க."

வைரவன் தலையை ஆட்டினார். வாசல்வரை போனவர் நின்றார்.

"ஆள் இருக்குற அறைன்னா தட்டலாம் மேடம். ஆள் இல்லாத அறைக்கு?"

"அங்கதான் சார் ரொம்ப நேரம் தட்டணும்."