முப்பத்தெட்டுக் குழிகள்

"வரிசையா வாய்கள். மரத்தைத் தின்னும், தண்ணியைக் குடிக்கும், தின்னது வீங்கினா பாறையையே பிளக்கும். அது என்ன, சொல்லு பாப்போம்?"

மலைப்பாதையில் முன்னால் நடந்த சிற்பி அஞ்சலை கேட்டாள்.

பின்னால் வந்த தெய்வானைக்கு விடை தெரியவில்லை. அஞ்சலையிடம் சிற்பம் பழகும் பன்னிரண்டு வயது மாணவி அவள். கவனமெல்லாம் தோள்பையில் இருந்தது. பைக்குள் நான்கு மாதம் செதுக்கிய கல் யானை. மலைக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில் பெரிய சிற்பி அதைப் பார்த்து, சரி என்றால்தான் இந்த ஆண்டு அவளுக்குப் பெரிய கல் கிடைக்கும்.

யானையின் வயிற்றில் ஒரு மயிரிழை விரிசல். கல்பொடியும் மெழுகும் குழைத்து அடைத்திருந்தாள். அது அஞ்சலைக்குக்கூடத் தெரியாது.

பாதை ஒரு பழைய கல்குவாரிக்குள் நுழைந்தது.

"இதோ உன் விடை" என்று அஞ்சலை ஒரு பாறையைக் காட்டினாள்.

பாறையின் முதுகில் சதுரச் சதுரமாகக் குழிகள், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில். குழிகளில் காய்ந்த மரத்துண்டுகளை இறுக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். மரம் ஊறிப் பருக்கும். பாறை பிளக்கும்.

தெய்வானை எண்ணினாள். முப்பத்தெட்டு. எல்லாம் ஒரே ஆழம்.

"அம்மாடி! என்ன கை அக்கா இது!"

"ம். இப்படி ஒரு குழி வெட்ட எனக்கு ஒரு நாள் ஆகும்."

"உங்களுக்கா? ரெண்டு நாள்."

"வாய்க்கு இருக்கிற வேகம் காலுக்கு இல்லையேடி உனக்கு."

தெய்வானை சிரித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"ஆனா பாறை பிளக்கவே இல்லையே அக்கா. தண்ணி சுமக்கச் சோம்பலா?"

அஞ்சலை இடுப்பிலிருந்த சிறு சுத்தியலை எடுத்துப் பாறையைத் தட்டினாள். ணங்கென்று மணிபோல் ஒலித்தது. வரிசையின் கடைசிக்குப் போய்த் தட்டினாள். தொப்பென்றது.

"உள்ளே விரிசல்" என்றாள் தெய்வானை. குரல் இறங்கியிருந்தது. "பூசி மறைச்சிருந்தா யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு கோயில்ல தூணா நின்னிருக்குமே."

 அஞ்சலை தெய்வானையின் விரலைப் பிடித்து, வரிசைக்கு அடுத்து வெட்டத் தொடங்கி விட்டிருந்த முப்பத்தொன்பதாவது குழியில் வைத்தாள். நகம் மறையும் ஆழம்கூட இல்லை.

"சத்தம் மாறினதும் இங்கதான் உளியைக் கீழ வச்சுட்டாங்க."

தெய்வானை விரலை எடுக்காமல் நின்றாள்.

"பட்டறைக்கு நேரமாகுது. போலாமா?" என்றாள் அஞ்சலை.

தெய்வானை பையைத் திறந்து யானையை எடுத்தாள். பாறைமேல் வைத்தாள். வந்த வழியே இறங்கினாள்.